அவர் சொன்னாரா, சொன்னாராமா?

நாள் 1: பாரிஸ்

விமானம் காலை ஆறரைக்கே இறங்கிவிட்டது. விடுதியில் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். பெட்டிகளை மூலையில் போட்டுவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தோம். எதிரே டிவியில் செய்தி. நசுங்கிய சைக்கிள், சுற்றிலும் போலீஸ்.

"என்னடா சொல்றான்?" என்றாள் அக்கா.

"மோதின கார்க்காரன் ஓடிட்டான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. செய்தி வாசித்தவர் அப்படிச் சொல்லவில்லை. 'ஓரெ ப்ரீ லா ஃபுயித்' என்றார். திருத்தினேன். "ஓடிட்டானாம்."

"ஓடிட்டானா, ஓடிட்டானாமா? ரெண்டும் ஒண்ணாடா?"

அக்கா கும்பகோணத்தில் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிரெஞ்சில் 'போன்ஜூர்' தாண்டி ஒன்றும் தெரியாது. நான் சென்னையில் இரண்டு வருடம் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவன். இந்த ஐந்து நாளும் நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளன், அவள் எனக்குத் தேர்வு அதிகாரி.

'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதில் 'வாங்குவேன்' இருக்கிறதே, அந்த நிபந்தனை வினை பிரெஞ்சில் தனி வடிவம். எந்த நிபந்தனையும் இல்லாத இடத்தில் செய்திக்காரர்கள் அதைப் போட்டால், 'எங்களுக்குத் தகவல் இப்படி, உறுதியில்லை' என்று அர்த்தம். நம் 'ஓடிட்டானாம்' வாலில் வரும் 'ஆம்' அங்கே வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை ஒருவர் நிரபராதிதான் என்று 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆம் பிரிவிலேயே எழுதிவைத்த நாடு இது. 1993இல் அதைச் சிவில் சட்டத்திலும் சேர்த்தார்கள். அதனால் செய்தியில் திருடன் திருடுவதில்லை, 'திருடினானாம்'.

"அப்ப 'ஆம்' போட்டுட்டு யாரைப் பத்தியும் என்ன வேணா எழுதலாமா?" என்று கேட்டாள்.

முடியாது. 1881ஆம் வருடப் பத்திரிகைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. சந்தேகத் தொனியில் எழுதினாலும் அவதூறு அவதூறுதான். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "எங்க தெருவுக்கு அந்தச் சட்டம் வந்தா பாதிப் பேர் உள்ள இருப்பாங்க."

மற்றபடி பாரிஸைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தூங்கினோம்.

நாள் 2: ரூவான்

சான் லசார் நிலையத்திலிருந்து ரூவானுக்கு ஒன்றரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே ஸேன் நதி வருவதும் போவதுமாக இருந்தது.

ஊருக்குள் நுழைந்தாலே தேவாலயத்தின் கூர்கோபுரம்தான். 151 மீட்டர், பிரான்ஸிலேயே உயரமானது. 1876இலிருந்து நான்கு வருடம் உலகத்திலேயே உயரமான கட்டடமாக இருந்திருக்கிறது. ஆனால் என் கண் போனது முகப்பின் வலதுபக்கம் நிற்கும் இன்னொரு கோபுரத்துக்கு. அதன் பெயர் வெண்ணெய்க் கோபுரம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் வெண்ணெய் கூடாது. ரூவான் இருக்கும் நார்மண்டிப் பகுதியிலோ வெண்ணெய் இல்லாமல் அடுப்பே எரியாது. காசு கட்டினால் வெண்ணெய் சாப்பிடத் திருச்சபை அனுமதி தரும். அந்தக் காசில்தான் இந்தக் கோபுரம். வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது மறுபடி அதே 'ஓரெ': 'ஓரெ எத்தே பெய்யே'. பணம் அப்படித்தான் வந்ததாம்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டாள். "இதோ பாருங்க, வெண்ணெய்க் காசுல கட்டின கோபுரம்."

"அக்கா, கட்டினதாம்."

கொஞ்சம் யோசித்தாள். "சரிதான். கோபுரத்தைத்தான் நான் பார்த்தேன், வெண்ணெயைப் பார்க்கலையே." அந்தப் பதிவை அழித்துவிட்டு இன்னொன்று போட்டாள். "கட்டினதாம்" என்பதில் கடைசி எழுத்தை வகுப்பில் சொல்வதுபோல அழுத்தினாள். அதற்குள் மூன்று பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அவர்கள் திருத்தத்தைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431 மே 30 அன்று எரித்த பழைய சந்தைத் திடலுக்கும் போனோம். இங்கே 'ஆம்' எதுவும் தேவைப்படவில்லை. வழக்கு விசாரணை முழுக்க எழுத்தில் இருக்கிறது. அக்கா ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள்.

மாலையில்தான் வினை. நாங்கள் எடுத்திருந்த வீடு நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே. நிறுத்தத்தில் நாயோடு நின்றிருந்த பெரியவரிடம் கடைசி பஸ் இனி வருமா என்று கேட்டேன். "சான் தூத்" என்றார். 'சான்' என்றால் இல்லாமல், 'தூத்' என்றால் சந்தேகம். சந்தேகமில்லாமல் வரும்! அக்காவிடம் தெம்பாகச் சொன்னேன். பெரியவர் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பஸ்ஸுக்கு வந்தவரே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கு ஒரு குடை. 40 நிமிடம்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதியது ஞாபகம் வந்தது. 'சான் தூத்' என்றால் சந்தேகமில்லாமல் அல்ல. 'வரலாம், அநேகமாக'. ஒரு காலத்தில் சொல்லுக்குச் சொல் அதே அர்த்தம்தான். ஆளாளுக்கு எடுத்துப் புழங்கித் தேய்ந்துபோய்விட்டது. நிஜமாகவே சந்தேகமில்லை என்றால் இப்போது நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்து 'சான் ஓக்கன் தூத்', அதாவது 'எந்தச் சந்தேகமும் இல்லாமல்' என்று சொல்லவேண்டும்.

"இதுக்கு ஏன்டா அவரைக் குறை சொல்றே?" என்றாள் அக்கா, புடவை நுனியைப் பிழிந்துகொண்டே. "நம்ம ஊர்ல 'கண்டிப்பா வந்துடறேன்'னு சொன்னவன் எவன் வந்திருக்கான்?"

கடைசியில் நடந்தே போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து எங்கள் கோலத்தைப் பார்த்ததும் "ஜ மான் தூத்தெ!" என்றார். இதிலும் அதே 'தூத்'. ஆனால் அர்த்தம் 'சந்தேகப்பட்டேன்' இல்லை, 'அப்பவே நினைச்சேன்!'. 'ஜ தூத்' என்றால் நம்பவில்லை. நடுவில் 'மான்' என்று ஒரு சிறு துண்டு நுழைந்தால் நம்பியே விட்டேன். ஒரே வினை, நேர் எதிர் மூலை. தமிழில் 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்று சொன்னால் பாதி நம்பிவிட்டோம் என்றுதானே பொருள்? அதனால் அக்காவுக்கு இதில் அவ்வளவாக ஆச்சரியமில்லை.

அவர் சூப் கொண்டுவந்து வைத்தார். நாளைக்கும் மழை வருமா என்று கேட்டேன். கையை விரித்து, சிரித்துக்கொண்டே, "ப்தெத் பென் க வீ, ப்தெத் பென் க நோன்." ஆமாவாகவும் இருக்கலாம், இல்லையாகவும் இருக்கலாம். இதற்கு 'நார்மண்டிக்காரன் பதில்' என்றே பிரான்ஸ் முழுக்கப் பெயர். நார்மண்டிக்காரனுக்குச் சொல்லும் உண்டு, சொன்னதை மாற்றும் சொல்லும் உண்டு என்று ஒரு பழமொழியும் இருக்கிறது. பழைய நார்மண்டிச் சட்டத்தில் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற ஒரு நாள் அவகாசம் இருந்ததாம். நான் 'ஆம்' போட்டிருப்பதைக் கவனிக்கவும்.

நாள் 3: லு ஆவ்ர்

இன்று அக்கா என்மேல் கோபமாக இருக்கிறாள்.

இம்ப்ரஷனிசம் என்ற ஓவியப் பாணியின் பெயருக்கே காரணமான படத்தில் இருப்பது இந்தத் துறைமுகம்தான். ஓவியர் மோனே 1872இல் விடுதி ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்தது. பனிமூட்டம், இரண்டு மூன்று படகு, ஆரஞ்சுப் பொட்டாகச் சூரியன். இதை நேற்றிரவு அக்காவிடம் விரிவாகச் சொல்லிவிட்டேன். படம் பாரிஸில் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

"முந்தாநாள் பாரிஸ்ல தூங்கிட்டு, படம் இல்லாத ஊருக்குப் படம் பார்க்கக் கூட்டிட்டு வந்தியா?"

நியாயமான கேள்வி. கடலோரம் இருக்கும் இங்குள்ள அருங்காட்சியகத்திலும் மோனே இருக்கிறார், பூதேன் என்ற இன்னொரு ஓவியர் நிறையவே இருக்கிறார் என்று சமாதானம் சொன்னேன்.

போகிற வழியில் ஒரு கடைப்பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். 'இம்ப்ரெஸியோன்' என்று பெரிதாக எழுதியிருந்தது. எழுத்து கூட்டிப் படித்துவிட்டாள். "இங்கேயும் அந்த ஓவியமா?"

"இல்லக்கா. ஜெராக்ஸ் கடை."

அச்சடிப்பதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். மனதில் ஒன்று அழுந்திப் பதிவதும், தாளில் மை அழுந்திப் பதிவதும் ஒன்று. நான் இதைப் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கே வந்தாள். "இதுல என்னடா புதுசு? புத்தகம் போட்டா பதிப்பு, மனசுல விழுந்தா பதிவு. பதின்னு ஒரே வேர்." வாயை மூடிக்கொண்டேன்.

படத்துக்குப் பெயர் வந்த கதையை மோனேயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கண்காட்சிப் பட்டியலுக்குத் தலைப்பு கேட்டார்கள். லு ஆவ்ர் காட்சி என்று போட்டால் இதுவா லு ஆவ்ர் என்று கேட்பார்கள். அதனால் 'இம்ப்ரெஸியோன்னு போடுங்க' என்றாராம். 1874இல் கண்காட்சி. லூயி லெருவா என்ற விமர்சகர் ஒரு நையாண்டிப் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்தார். கிண்டல் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. 'ஜே லாம்ப்ரெஸியோன் க' என்று இன்று பிரெஞ்சுக்காரர்கள் நாளுக்குப் பத்து தடவை சொல்வார்கள். 'எனக்கென்னமோ அப்படித் தோணுது' என்பதுதான் அது. உண்மை என்று அடித்துப் பேசவில்லை, என் கண்ணுக்கு இப்படி என்று ஒதுங்கிக்கொள்வது. லெருவாவுக்குக் கோபம் அதனால்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஓவியன் 'இது துறைமுகம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ 'துறைமுகம் போல' என்றார்.

1944 குண்டுவீச்சில் தரைமட்டமான ஊரை ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குப் பிடித்தது, ஆனால் அன்று வாதாடும் நிலையில் நான் இல்லை.

மதியம் கூழாங்கல் கடற்கரையில் உட்கார்ந்தோம். பள்ளி விடுமுறை, பிள்ளைகள் கூட்டம். எங்களுக்குப் பக்கத்தில் ஏழெட்டு வயதில் இரண்டு பெண் குழந்தைகள், ஒரு பொடியன். பெரியவள் கல்லை அடுக்கிக்கொண்டே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். "முவா, ஜ ஸெரெ லா மெத்ரெஸ். துவா, து ஸெரெ..." என் காது நிமிர்ந்தது. அதே நிபந்தனை வினை. டிவியில் கார்க்காரன் ஓடிப்போன அதே வடிவம்.

"என்னடா சொல்லுது அந்தக் குட்டி?"

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தமிழ் தானாக வந்து விழுந்தது. "நான் டீச்சராம். நீ..."

அக்கா என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "நீ ஸ்டூடன்ட்டாம்! அவன் வாட்ச்மேனாம்! நாமளும் திண்ணையில அப்படித்தானடா விளையாடினோம்?"

அப்படித்தான். 'நான் ராஜாவாம், நீ மந்திரியாம்.' யாரோ சொல்லக் கேட்டதற்கும் 'ஆம்', இல்லாததை இருப்பதாக வைத்து விளையாடவும் 'ஆம்'. பிரெஞ்சுக் குழந்தைக்கும் அதே ஏற்பாடு. பத்திரிகைக்காரர் பொறுப்பைக் கழற்றும் வடிவத்திலேயே இது ராஜ்ஜியம் கட்டுகிறது. சில குழந்தைகள் 'ஓன் திரெ க' என்று தொடங்கும், 'சொல்லிக்கலாமா, இப்படின்னு'. பெரியவர்கள் அதையே வானத்தைப் பார்த்துச் சொன்னால் 'மழை வரும்போலிருக்கு'. இரண்டு வருட வகுப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பொடியனுக்கு வாட்ச்மேன் வேடம் பிடிக்கவில்லை, கல்லைத் தட்டிவிட்டு ஓடினான். அக்காவின் கோபமும் போய்விட்டது.

நாள் 4: எத்ரெத்தா

லு ஆவ்ரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கடலுக்குள் வளைவாக இறங்கி நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேரிலும் அப்படியே இருக்கிறது. நான் வந்தது எதிர்ப்பக்கக் குன்றுக்காக. படியேறினால் மேலே ஒரு சின்ன தேவாலயம், அதைத் தாண்டி வானத்தைக் குத்தும் வெள்ளை அம்பு. இரண்டு விமானிகளுக்கான நினைவுச்சின்னம். 24 மீட்டர் உயரம், 1963இல் எழுப்பியது. முதலில் இருந்த நினைவுச்சின்னத்தை ஜெர்மானியர்கள் 1942இல் இடித்துவிட்டார்கள்.

1927 மே 8, விடிகாலை. பாரிஸ் அருகே லெ பூர்ஜேயிலிருந்து நுன்ஜெஸ்ஸெர், கோலி என்ற இரண்டு விமானிகள் நியூயார்க்கை நோக்கிக் கிளம்பினார்கள். நிற்காமல் அட்லாண்டிக்கைக் கடந்தால் 25,000 டாலர் பரிசு. நுன்ஜெஸ்ஸெர் முதல் உலகப் போரில் 43 விமானங்களை வீழ்த்தியவர். கோலிக்கு ஒரு கண்தான். விமானத்தின் பெயர் வெள்ளைப் பறவை. எடையைக் குறைக்கச் சக்கரங்களை மேலே ஏறியதும் கழற்றி விட்டுவிட்டார்கள். நியூயார்க் துறைமுகத் தண்ணீரில் இறங்குவதாகத் திட்டம். துணைக்கு வந்த விமானங்கள் இந்தக் கடற்கரைவரை வந்து திரும்பின. அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலேதான் எங்கோ அந்தப் பறவை பிரான்ஸ் மண்ணைத் தாண்டியது.

மறுநாள் 'லா ப்ரெஸ்' என்ற பாரிஸ் பத்திரிகை அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி போட்டது. போய்ச் சேர்ந்தார்களாம் என்று இல்லை. சேர்ந்தார்கள். விமானம் தண்ணீரில் இறங்கியது, படகுகள் சூழ்ந்துகொண்டது, இருவரும் எழுந்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டது வரை பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதியிருந்தார்கள். பாரிஸ் கொண்டாடியது. அன்று நியூயார்க்கில் ஒரு விமானமும் இறங்கவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் கிளம்பிப் பன்னிரண்டு நாள் கழித்து அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் எதிர்த்திசையில் கிளம்பி லெ பூர்ஜேயில் இறங்கினார்.

"தழுவிக்கிட்டாங்கன்னா எழுதினான்?" அக்காவால் அதைத் தாண்ட முடியவில்லை. "யாரும் பார்க்காத தழுவலை?"

"அக்கா, நீ இந்தச் செய்தியை 'ஆம்' போட்டுத் திருத்த முடியுமா?"

சொல்லிப் பார்த்தாள். "இறங்கினாங்களாம். படகெல்லாம் வந்துச்சாம். கட்டிக்கிட்டாங்களாம்." நிறுத்திவிட்டாள். "இல்லடா, இப்படிச் சொன்னா பாட்டி கதை மாதிரி ஆயிடுது. 'ஆம்' போட்டா சந்தேகம்தான் வரணும்னு இல்ல. ரசிச்சுக் கேட்கவும் தோணுது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விமானிகளைப் பற்றி அதன் பிறகு வந்த செய்திகள் எல்லாமே வாலில் 'ஆம்' ஆடுபவை. அயர்லாந்துக்கு மேலே பார்த்தார்களாம். நியூஃபவுண்ட்லாந்தில் மூடுபனிக்குள் என்ஜின் சத்தம் கேட்டதாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் காட்டுக்குள் விழுந்திருக்குமாம். 'இல் பாரெ க', 'ஓன் தீ க', 'ல ப்ரூயி கூர் க'. கேள்விப்பட்டேன், சொல்கிறார்கள், பேச்சு ஓடுகிறது. மூன்றாவதில் சத்தம் கால் முளைத்து ஓடுகிறது. நமக்கு அரசல் புரசலாகக் காதில் விழுவதோடு சரி.

ஒன்று கவனித்தேன். பிரெஞ்சில் 'இல் பாரெ க' வாக்கியத்தின் தலையில் வருகிறது. கேட்பவர் முதல் சொல்லிலேயே உஷாராகிவிடலாம். தமிழில் கடைசிவரை காத்திருக்க வேண்டும். 'மோதிவிட்டு ஓடிவிட்டான்' வரை அவன் குற்றவாளி, அப்புறம் ஒரு 'ஆம்' வந்து பாதி விடுதலை. இடையில் காற்று அடித்து அந்த எழுத்து காதில் விழாமல் போனால்? குன்றின் மேல் காற்று அப்படித்தான் அடித்தது. ஆனால் 'பாரெ-தில்' என்று வாக்கியத்தின் வாலிலும் அவர்கள் மாட்டுவதுண்டு. அது நம் 'ஆம்' மாதிரியே, பாதி தோள்குலுக்கலோடு வரும்.

அக்கா தன் பங்குக்கு நம் பழைய இலக்கண நூல்களை இழுத்தாள். "'என்ப', 'என்மனார் புலவர்'னு வரிக்கு வரி முடிச்சிருப்பாங்க. அது சந்தேகத்துக்குப் போட்டது இல்லடா, மரியாதைக்குப் போட்டது. பெரியவங்க சொல்லியிருக்காங்க, அதனால நம்புன்னு அர்த்தம்." செவிவழி என்றாலே நம்பாதே என்று பொருள் கொள்ளும் என் பிரெஞ்சு வகுப்புக் கணக்கு அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நாள் 5: அவ்ரான்ஷ்

நாள் முழுக்க பஸ்ஸும் ரயிலும். கான் நகரில் மாறினோம். கால் வீக்கம்.

அவ்ரான்ஷ் சின்ன ஊர். செயின்ட் ஜெர்வே தேவாலயத்தில் ஒரு மண்டை ஓடு இருக்கிறது. ஒபேர் என்ற ஆயருடையது என்று நம்புகிறார்கள். 708ஆம் வருடம் அவர் கனவில் தேவதூதர் மிக்கேல் வந்து, கடலுக்குள் தெரியும் பாறைமேல் எனக்குக் கோயில் கட்டு என்றாராம். ஆயருக்குச் சந்தேகம். கனவுதானே என்று விட்டுவிட்டார். இரண்டாம் தடவை வந்தபோதும் நம்பவில்லை. மூன்றாம் தடவை தேவதூதர் பொறுமை இழந்து விரலால் அவர் மண்டையில் ஓர் அழுத்து அழுத்தினாராம். கோயில் எழுந்தது. அதுதான் மோன் சென் மிஷெல்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதை அக்கா குனிந்து பார்த்தாள். வழுவழுப்பான பழுப்பு எலும்பு, பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை.

"ஓட்டை இருக்கு" என்றாள். "அதை 'ஆம்' இல்லாமயே சொல்லலாம்."

"விரல்?"

"விரலுக்குப் போட்டுக்கோ."

எங்களுக்கு யாரோ ரகசியம் சொன்னால் பட்சி சொன்னது என்போம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்களுடைய சுண்டுவிரல்தான் சொல்லும், 'மோன் பெத்தி துவா ம தீ' என்று. அதற்கும் இந்த விரலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒபேருக்குப் பட்சி வந்திருந்தால் மண்டை பிழைத்திருக்கும் என்றாள் அக்கா.

ஊரின் தாவரத் தோட்டத்து விளிம்பிலிருந்து பார்த்தால் தூரத்தில் மோன் சென் மிஷெல் தெரியும். நாங்கள் போனபோது வளைகுடா முழுக்கப் புகை. சாம்பல் நிறத்தில் முக்கோணமாக ஏதோ ஒன்று. பெஞ்சில் இருந்த அம்மாளிடம் அதுவா என்று கேட்டேன். "இல் ம சாம்பிள்" என்றார். 'ம' என்ற 'எனக்கு' இல்லாமல் வெறும் 'இல் சாம்பிள்' என்று தொடங்கியிருந்தால் அடுத்து வரும் வினையையே ஐய வடிவத்துக்கு மாற்றவேண்டும். யாருக்குத் தோன்றியது என்றே தெரியாத தோற்றத்தை இலக்கணம் நம்புவதில்லை. 'எனக்கு' என்று ஒருவர் முன்வந்து நின்றால் வினை நிமிர்ந்துகொள்கிறது. கால் மணி நேரம் நின்றோம். முக்கோணம் முக்கோணமாகவே இருந்தது.

நாளை காலை அங்கே போகிறோம். அலை குதிரைப் பாய்ச்சலில் ஏறும் என்பார்கள். மனிதன் வேகமாக நடக்கும் வேகம்தான் என்று அளந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் திரும்பும் வழியை அடைத்துவிட்டுத்தான் கண்ணுக்குத் தெரியுமாம். அதனால் மணலில் தனியாக இறங்குவதாக இல்லை.

இரவு சாவி வாங்கும்போது விடுதிக்காரரிடம் நாளைக்கு மழை இருக்குமா என்று கேட்டேன்.

"சான் தூத்" என்றார்.

"வந்தாலும் வருமாம்" என்றாள் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.